கூரையிலிருந்து புறப்படும் மருத்துவமனை

வைட்சேப்பலில் உள்ள ராயல் லண்டன் மருத்துவமனையின் கூரையிலிருந்து எழும்பும் 'லண்டன் ஏர் ஆம்புலன்ஸ்' சேவையின் சிவப்பு ஹெலிகாப்டரின் இரைச்சல், கிழக்கு லண்டனில் குடியிருக்கும் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு நிற்கும் நம்மவர்களும் அண்ணாந்து பார்த்து, "பாவம், யாருக்கு என்ன ஆச்சோ" என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். அடிபட்டவரைத் தூக்கிவரத்தான் அது பறக்கிறது என்று நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஆனால் அதன் முதல் வேலை, மருத்துவரையும், அவசரச் சிகிச்சைப் பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் ஊழியரான பாராமெடிக்கையும் அடிபட்டவரிடம் கொண்டுபோய் இறக்குவதுதான். அங்கேயே சிகிச்சை அளித்தபின், பெரும்பாலான நோயாளிகளைத் தரைவழி ஆம்புலன்ஸிலேயே, அந்த மருத்துவர் உடன்வர, மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள்.

பலத்த காயமடைந்து மருத்துவமனைக்கு வந்தபின் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைக் காப்பாற்றியிருக்க முடியும் என்று ராயல் அறுவை மருத்துவக் கல்லூரியின் 1988ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. அதற்கு அடுத்த ஆண்டே இந்தச் சேவை தொடங்கியது. இன்று இரண்டு ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன; இரவில் அதே குழு காரில் விரைகிறது. ஆயினும் இதன் வளர்ச்சியை ஹெலிகாப்டர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது தவறு என்றே கருதுகிறேன். கத்திக்குத்துப் பட்டவரின் இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கி அதன் துடிப்பை நிறுத்திவிட்டால், அவரை மருத்துவமனைக்குக் கொண்டுவரும் அளவுக்குக்கூட அவகாசம் இருக்காது என்பதால், நெஞ்சைத் திறக்கும் அறுவை சிகிச்சையை இந்த மருத்துவர்கள் தெருவோரத்திலேயே செய்கிறார்கள். 2012 முதல் இரத்தத்தை உடன் எடுத்துச் செல்கிறார்கள். 2014இல், இடுப்பெலும்பு நொறுங்கி உள்ளே இரத்தம் கொட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு, தொடை இடுக்கிலுள்ள தமனி வழியாகச் சிறு பலூனைப் பெருந்தமனிக்குள் செலுத்தி, சம்பவ இடத்திலேயே இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தினார்கள். மருத்துவமனைக்கு வெளியே அதை உலகில் முதன்முதலாகச் செய்தவர்கள் இவர்களே.

அதிகம் பேசப்படாத ஒருவரையும் குறிப்பிட வேண்டும். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து, நாள்தோறும் வந்து குவியும் ஆயிரக்கணக்கான அழைப்புகளிலிருந்து இந்தக் குழு போயே ஆகவேண்டிய ஒருசிலவற்றைப் பிரித்தெடுப்பவரும் இதே சேவையின் பாராமெடிக்தான். அந்தத் தேர்வு பிசகினால் எத்தனை ஹெலிகாப்டர் இருந்தும் பயனில்லை.

இவ்வளவு இன்றியமையாத சேவை பெரும்பாலும் மக்களின் நன்கொடையில் நடக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. 2024இல் பழைய ஹெலிகாப்டர்களை மாற்றுவதற்கு 1.5 கோடி பவுண்டு திரட்ட வேண்டியிருந்தது. பொதுமக்கள் மனமுவந்து கொடுத்தார்கள். அதில் எனக்கு மிகுந்த நன்றி உண்டு. அறக்கட்டளையாக இருப்பதால்தான் புதிய சிகிச்சைகளைத் துணிந்து கொண்டுவர முடிகிறது என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தீயணைப்பு வண்டி வாங்க இந்நகரத்தில் யாரும் உண்டியல் ஏந்துவதில்லை. ஹெலிகாப்டர், எரிபொருள், விமானிகள் ஆகியவற்றுக்கான செலவை அரசு ஏற்கட்டும். நன்கொடைப் பணம் முழுவதும் அடுத்த புதிய சிகிச்சைக்கும் அதற்கான பயிற்சிக்கும் போகட்டும்.