டென்னிஸ் வீரர் நடால் சென்னையில் வென்றது ஒற்றையர் கோப்பையன்று
அண்ணாச்சி, '2008 சென்னை ஓப்பனில் நடால் ஒற்றையர் கோப்பையை வாங்கியதை, நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிப் போய் நேரில் பார்த்தேன்' என்று நீங்கள் எழுதியிருப்பதில் பயணம் உண்மையாக இருக்கலாம்; முடிவு அப்படியன்று. நீங்கள் பார்த்தது அரையிறுதியாக இருக்க வேண்டும். நுங்கம்பாக்கத்தில் கார்லோஸ் மோயாவுடன், மூன்று செட்டும் 6-6 எனச் சமனாகி, முடிவு காணும் டைபிரேக்கர் வரை நீள, ஏறத்தாழ நான்கு மணி நேரம் போராடி நடால் வென்ற ஆட்டம் அது. அந்தக் களைப்போடு மறுநாள் இறுதிக்கு வந்தவரை மிகைல் யூஸ்னி 6-0, 6-1 என்று வீழ்த்தினார். பாளையங்கோட்டையில் நடக்கும் உள்ளூர்ப் போட்டியில்கூட இத்தனை ஒருதலையான இறுதியாட்டத்தை நான் கண்டதில்லை. நடால் சென்னையில் பெற்றது, 2004-இல் டாமி ராப்ரெடோவுடன் சேர்ந்து வென்ற இரட்டையர் பட்டமே. அவ்வாண்டின் ஒற்றையர் பட்டம் மோயாவுக்குப் போயிற்று.