விண்டோஸ் பில்டில் ஒரு ஸ்லாஷ் படுத்தும் பாடு

உருவாக்கிய ஹெடர் கோப்பு ஒன்றை வேறு ஃபோல்டரில் நகலெடுத்து வைப்பதற்கு மூலக்கோடிலிருந்து நிரலை உருவாக்கும் பில்ட் வேலையை அமைத்துத்தரும் கருவியான சிமேக்கின் கஸ்டம் கமாண்டில் (பில்டின்போது நம் கட்டளையை ஓட்டும் பகுதி) எழுதிய ஒற்றை வரி, விண்டோஸுக்கு வந்ததும் பில்டையே முறித்துவிடுகிறது. பாதையில் உள்ள ஸ்லாஷைத் (/) தனக்கான சுவிட்ச் (கட்டளையின் விருப்பத்தேர்வு) என்று எடுத்துக்கொள்ளும், விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லான சிஎம்டியின் காப்பி கட்டளை, எந்தக் கோப்பு, எந்த எழுத்து என்று எதுவும் சொல்லாமல், கட்டளையின் சின்டாக்ஸ் தவறு என்று மொட்டையாக அறிவித்துவிட்டு நின்றுவிடுகிறது. 1983-இல் எம்எஸ்-டாஸ் 2.0 ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது ஸ்லாஷ் ஏற்கெனவே சுவிட்சுக்குப் போய்விட்டிருந்ததால் பாதைக்கு பேக்ஸ்லாஷ் (\) வந்தது. அந்தக் கடனுக்கு இன்றுவரை வட்டி கட்டுவது நாம்தான். இத்தனைக்கும் நிரல்கள் விண்டோஸை அழைக்கும் ஏபிஐ இரண்டு ஸ்லாஷையும் ஏற்றுக்கொள்ளும்!

சரி, பேக்ஸ்லாஷையே கையால் எழுதலாம் என்றால், சிமேக்குக்கு அது எஸ்கேப் குறி, அதாவது அடுத்த எழுத்துக்கு வேறு பொருள் தரும் குறி. 'சி:\நியூ\டூல்ஸ்' என்ற பாதையை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: 'நியூ'வின் முதலெழுத்து புதிய வரியாகவும் 'டூல்ஸ்'ஸின் முதலெழுத்து டேபாகவும் மாறி, பாதை இரண்டாக உடைந்து கிடக்கும். விண்டோஸில் ஓடும் லினக்ஸ் பாணி ஷெல்லான கிட் பேஷில் கூத்து தலைகீழ்; அங்கே சிஎம்டிக்கு அனுப்பும் '/சி' என்ற சுவிட்சையே பாதை என்று நினைத்து சி டிரைவாக மாற்றிவிடுகிறது. (அதற்காக இரட்டை ஸ்லாஷ் போடுவதைத் தீர்வு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.)

எந்த ஷெல்லுக்கு வரி போகிறது என்பது சிமேக்குக்குத் தெரியும். கஸ்டம் கமாண்டின் அவுட்புட், டிபெண்ட்ஸ் ஆகிய பகுதிகளில் வருபவை கோப்புகள் என்பதும் தெரியும். ஆனால் கமாண்டின் ஆர்க்யூமெண்ட்களில் எது பாதை என்று குறிக்கும் பொறுப்பை மட்டும் நம் தலையில் கட்டிவிட்டது. கஸ்டம் கமாண்டில் வெர்பேட்டிம் என்ற விருப்பத்தைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது இடைவெளியையும் மேற்கோள்குறியையும் காக்குமே தவிர ஸ்லாஷைத் தொடாது. சிமேக்கின் 3.4 பதிப்பில் வந்த ஷெல்_பாத் என்ற குறியீடு பாதையை ஷெல்லுக்கு ஏற்ப உண்மையிலேயே மாற்றித்தரும், ஆனால் முழுப்பாதை கொடுத்தால்தான். சார்புப்பாதை என்றால் பிழை.

நகலெடுப்பதற்காவது சிமேக்கின் சொந்தக் கட்டளையான 'சிமேக் -ஈ காப்பி' இருக்கிறது. பேக்ஸ்லாஷை மட்டுமே ஏற்கும் பழைய கோட் ஜெனரேட்டரை அழைக்க வேண்டியிருந்தால் அந்த வழியும் இல்லை. ஒவ்வொரு ஆர்க்யூமெண்டையும் தேடித் தேடி ஷெல்_பாத்துக்குள் சுற்ற வேண்டும், ஒன்றை விட்டாலும் சிஐயின் (தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பின்) விண்டோஸ் ஜாப் மட்டும் சிவப்பாகும்.