மேடையில் 'உடைந்த குடும்பம்' என்று சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பங்குக் கோவில் குடும்ப விழாவில் நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் கேட்காதீர்கள். பங்கு வாட்ஸ்அப் குழுவில் அந்த மேடைப் பேச்சு வீடியோவுக்குக் கீழே வரிசையாகக் கைகூப்பி போட்டவர்களுக்கு எல்லாம் தெரியும்.

ராத்திரி எட்டு மணிக்கு அப்பா, அம்மா, பிள்ளைகள் ஒரே பாயில் முழங்காலில் நிற்காத வீடு உடைந்த வீடாம். போனில் சொல்வது செபமாலையே இல்லையாம். கைதட்டல் வேறு. வெளியூர்ப் பேச்சாளர்தான், இருக்கட்டும். நிற்பது கடற்கரை ஊர் என்ற நினைப்பாவது வேண்டாமா?

எங்கள் தெருவில் எட்டு மணிக்கு அப்பா வீட்டில் இருந்தால் ஒன்று அவருக்குக் காய்ச்சல், இல்லையென்றால் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலம். என் வீட்டுக்காரர் கொச்சியிலிருந்து ஆழ்கடல் தங்கலுக்குப் போகிறவர். போனால் முப்பது நாற்பது நாள். போட்டு, அதாவது விசைப்படகு, கரையில் கிடக்கும் நாட்களில்தான் போன். அவர் அம்மா, என் மாமி, அந்தப் போனை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைப்பார். செபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து. முதல் பத்து மாமி, இரண்டாவது நான், மூன்றாவது என் வீட்டுக்காரர், நாலாவது மகள், ஐந்தாவது குவைத்திலிருந்து கொழுந்தன். அங்கே நெட் அறுந்து அறுந்து வரும். "அருள் நிறைந்த..." என்று பாதியில் நின்றால் "மரியே வாழ்க" என்று மாமி இங்கிருந்து முடித்து வைப்பார். இது செபமாலை இல்லையென்றால் வேறு என்னவாக்கும்?

2020-ல் கோவில் கதவு பூட்டிக் கிடந்தபோது பெரிய வெள்ளிக்கு யூடியூப் முன்னால்தானே எல்லாரும் முழங்காலில் நின்றோம்? அன்றைக்கு போன் வழியாக வந்த ஆண்டவர் இன்றைக்கு மட்டும் வரமாட்டாரோ?

"நீ சாமியாருக்கு எதிராப் பேசுற" என்று ஒருவர் இன்பாக்ஸில். பேசியவர் சாமியாரே இல்லை. ஒக்கி புயலுக்குப் பிறகு 2017 டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் நாங்கள் மறியலில் உட்கார்ந்தபோது கூட உட்கார்ந்தவர்கள் எங்கள் சாமியார்கள். எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

"முழுப் பேச்சையும் கேளு, குடியால் அழியும் வீடுகளையும்தான் சொன்னார்" என்கிறார் இன்னொருவர். சரி, அது உண்மை. எங்கள் தெருவிலும் இருக்கிறது. அப்படியென்றால் அந்த வீட்டுக்கு முன்னால் போய்ச் சொல்லட்டும். கடலில் இருப்பவனையும் குடித்துக் கிடப்பவனையும் ஒரே வலையில் வாரிப் போடுவது என்ன நியாயம்?

விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த தேவசகாயம் பிள்ளையை 2022-ல் புனிதர் என்று அறிவித்தபோது குமரி மாவட்டமே பிளெக்ஸ் வைத்தது. 1749-ல் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1752 ஜனவரி 14, காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். நடுவில் எத்தனை ராத்திரி அவரும் மனைவி ஞானப்பூ அம்மாளும் ஒரே பாயில் முழங்காலில் நின்றார்கள்? அதுவும் உடைந்த குடும்பமா? கோட்டாறில் அவர் கல்லறையில் போய் இதைச் சொல்லிவிட்டு வருவாரா அந்தப் பேச்சாளர்?

கல்லறை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், முதலில் சொல்ல நினைக்கவில்லை. சின்னக் கொழுந்தன் ஒக்கியில் போனவன். உடல் கிடைக்கவில்லை. நவம்பர் 2 அன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றும். மாமி மட்டும் கடற்கரை மணலில் குழி தோண்டி ஏற்றுவார். காற்று அணைக்கும், திரும்ப ஏற்றுவார். புயல் எச்சரிக்கை ஏன் நேரத்துக்கு எங்கள் ஆட்களை எட்டவில்லை என்று யாரும் மேடை போட்டுப் பேசக் காணோம். பூசைக்கு மட்டும் தவறாமல் போகிறார் மாமி. விசுவாசம் பற்றி அவருக்கு மைக் பிடித்துச் சொல்லித்தர ஆள் வந்திருக்கிறது!

குடும்பம் சேர்ந்து செபிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது. சேர்ந்து என்றால் என்ன என்பதில்தான் சண்டை. எங்கே நின்றாலும் ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் பிடித்துக்கொண்டால் அது சேர்ந்ததுதான். திரும்பவும் சொல்கிறேன், போனில் சொன்னாலும் செபமாலைதான்.

இவ்வளவு கோபம் எதற்கு என்கிறீர்களா? நேற்று எட்டு மணிக்கு மாமி போனை எடுத்து வைக்கவில்லை. "வேண்டாம் மக்ளே, அவன் பத்தையும் நானே சொல்லுகேன்" என்றார். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார். அலமாரி மேல் போன் மின்னி மின்னி அணைந்தது. மாமி அதைப் பார்க்காத மாதிரி மணியை உருட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது பத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது அவருக்கு.

நாளை மறுநாள் போட்டு கிளம்புகிறது. இன்றைக்கு எட்டு மணிக்குப் போனை மாதா பக்கத்தில் நான் வைப்பேன். வாட்ஸ்அப் குழு நிர்வாகிகளே, இதையும் ஃபார்வர்ட் செய்துகொள்ளுங்கள்.