பத்தாவது வளைவில் கடிகாரம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்காட்டு மலைப்பாதையில் நடந்த சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஏற்பாட்டாளர்கள் தரப்பிலிருந்து நேற்று இரவு வந்த விளக்கத்தைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "பெண்கள் பிரிவு ஓர் ஊக்குவிப்புக்காக வைக்கப்பட்டதுதான், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்" என்கிறது அந்த விளக்கம்.

ஆண்களுக்கு அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் பந்தயம்; பெண்களுக்குப் பத்தாவது வளைவோடு முடிந்துவிட்டது. அதையாவது ஒழுங்காக நடத்தினார்களா? பத்தாவது வளைவில் நேரம் குறிக்க வேண்டியவர், ஆண்கள் வந்து சேர்வதைப் படமெடுக்க மேலே போய்விட்டார். நான் அங்கே தண்ணீர் கேனோடு நின்றுகொண்டிருந்தேன். முதலில் வந்தவள் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண். இரவல் வாங்கிய கியர் சைக்கிள், கைப்பிடியில் டேப் கிழிந்த இடத்தில் எலெக்ட்ரீஷியன் ஒட்டும் கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்தாள். ஒரு காலைச் சாலையோரத் தடுப்புச் சுவரில் ஊன்றி, மூச்சு வாங்க, அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "அக்கா, என் டைம் என்ன?"

என்னிடம் பதில் இல்லை. அரை மணி நேரம் கழித்து ஒருவர் கீழே இறங்கி வந்து, ஓட்டிய ஐந்து பெண்களிடமே யார் முதல், யார் இரண்டாவது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார்.

பெரிதுபடுத்த வேண்டாம் என்கிறீர்கள். சைக்கிள் பந்தயத்தில் நேரத்தைத் தவிர வேறு எதைத்தான் பெரிதுபடுத்துவது? 2024ஆம் ஆண்டு பெண்கள் டூர் டி பிரான்ஸில், எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்க்கும் அந்தப் பல நாள் பந்தயத்தில், எட்டுக் கட்டம் ஓட்டி முடித்து, கடைசி நாள் ஆல்ப் துயெஸ் மலை உச்சியில் போலந்தின் கசியா நியவியதோமா வென்றது நான்கே நான்கு வினாடி வித்தியாசத்தில். இரண்டாவதாக வந்த டெமி வோலரிங் ஐந்தாம் கட்டத்தில் கீழே விழுந்து ஒரு நிமிடத்துக்கு மேல் இழந்திருந்தார். அதே நாள் அவருடைய எஸ்டி வொர்க்ஸ் அணியைச் சேர்ந்த பிளாங்கா வாஸ்தான் அந்தக் கட்டத்தை வென்றார். வோலரிங் இழந்த நேரத்தைக் கடைசி மலையில் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டுக்கொண்டு வந்து, அன்றைய கட்டத்தையும் வென்று, நான்கு வினாடியில் பட்டத்தை விட்டார். அந்த மலைக்கு இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகள், நம் மலைக்கு இருபது. அங்கே உச்சியில் ஒருவர் கடிகாரத்தோடு நின்றார் என்பதால்தான் அந்த நான்கு வினாடி வரலாறாயிற்று.

அதே அணியின் முந்தைய ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் எஸ்டி வொர்க்ஸ் பெண்கள் அணி அறுபதுக்கும் மேற்பட்ட பந்தயங்களை வென்றது. ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் தொடங்கி அக்டோபர் வரை நீளும் பருவம் அது. வோலரிங் அந்த வசந்தத்தில் ஆம்ஸ்டல், ஃபிளெஷ் வாலோன், லியேஜ் என்ற மூன்று ஒருநாள் பந்தயங்களையும் வென்றார். லோட்டே கோப்பெக்கி ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தை வென்றார். ஜூலையில் டூர் டி பிரான்ஸின் முதல் நாளே கோப்பெக்கி, மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையை அணிந்து, ஆறு நாள் அதைக் காத்து, ஏழாம் நாள் தூர்மலே மலையில் தன் அணித்தோழி வோலரிங்கிடம் அதைக் கொடுத்துவிட்டு, இறுதியில் இரண்டாமிடம் பிடித்தார். அந்தப் பந்தயத்தின் நடுவே வோலரிங் அணிக் காரின் பின்னால் காற்று மறைவில் ஒட்டி வந்ததற்காக இருபது வினாடி தண்டனை விதித்து, அணி இயக்குநரைப் பந்தயத்தை விட்டே வெளியேற்றினார்கள். ஒரு பெண் எத்தனை வினாடி திருட்டுத்தனமாகச் சேமித்தாள் என்று கணக்குப் பார்க்கும் அளவுக்கு அவளுடைய ஓட்டத்தை மதித்தார்கள் என்று பொருள். ஊக்குவிப்பு என்றால் அது.

"ஐரோப்பாவை ஏன் சேலத்தோடு ஒப்பிடுகிறீர்கள்" என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஐரோப்பாவும் நேற்றுவரை நம்மைப் போலத்தான் இருந்தது. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான சாலைப் பந்தயம் 1896இல் வந்தது. பெண்களுக்கு 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கல் பாவிய சாலைகளில் ஓட்டும் பாரிஸ்–ரூபே பந்தயம் 2021இல் முதல் முறையாகப் பெண்களுக்கு நடந்தபோது லிஸி டெய்க்னன் எண்பது கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி, கைப்பிடியெல்லாம் ரத்தக் கறையோடு வந்து வென்றார். அவருக்குப் பரிசு 1,535 யூரோ, ஆண்கள் பிரிவில் வென்றவருக்கு 30,000 யூரோ. வித்தியாசத்தை அவருடைய அணி தன் கையிலிருந்து கொடுத்தது. நான் பரிசுத் தொகையைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், ஆனால் கேட்கவில்லை. முழு மலையையும் ஒரு கடிகாரத்தையும்தான் கேட்கிறேன்.

இன்னொருவர், நான் மதிக்கும் அண்ணன் ஒருவர், "அங்கேயும் பெண்களுக்குத் தூரம் குறைவுதானே" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. 2025 மிலான்–சான்ரெமோ ஒருநாள் பந்தயத்தில் ஆண்களுக்கு 289 கிலோமீட்டர், பெண்களுக்கு 156. ஆனால் அண்ணா, அந்த 156இல் பந்தயத்தைத் தீர்மானிக்கும் சிப்ரெஸ்ஸா, போஜியோ இரண்டு ஏற்றங்களும் அப்படியே இருந்தன. தூர்மலேயில் உச்சிவரை போனார்கள், ஆல்ப் துயெஸில் உச்சிவரை போனார்கள். சமவெளியில்தான் தூரத்தைக் குறைத்தார்கள். மலையைப் பாதியில் வெட்டவில்லை. ஏற்காட்டுக்குப் பந்தயம் என்று சொல்லிவிட்டு ஏற்காட்டைக் கண்ணில் காட்டாமல் திருப்பி அனுப்புவது வேறு விஷயம்.

"ஐந்து பேர்தானே வந்தார்கள்" என்பதற்குப் பதில் சொல்லவே எனக்குப் பொறுமை இல்லை. பாதி மலைக்கு யார் வருவார்கள்? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுக்கக் கிளம்பியபோது, ஐம்பதாயிரம் பேர் வரட்டும், பிறகு தொடங்கலாம் என்றா காத்திருந்தார்கள்? பாதுகாப்பு என்று ஒரு காரணத்தையும் சொல்கிறார்கள். அதே காலையில், அதே சாலையில், அதே வண்டிகளுக்கு நடுவேதான் ஆண்களும் ஏறினார்கள்.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று சிலர் கேட்கிறார்கள். நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, அரசு கொடுத்த சைக்கிளில், எங்கள் பகுதியில் ஒரு விழாவுக்காக வைத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். அப்பா அம்மாப்பேட்டையில் தறி ஓட்டியவர். அந்த வாரக் கூலியில் புது பிரேக் கட்டைகள் வாங்கி, இரவு தறி நின்ற பிறகு மண்ணெண்ணெய் போட்டுச் சங்கிலியைத் துடைத்துக் கொடுத்தார். இரண்டு மாதம் விடியற்காலையில் கோரிமேட்டு ஏற்றத்தில் ஏறி இறங்கினேன். பந்தய நாளில், பெண்கள் மூன்று பேர்தான் இருக்கிறீர்கள், உங்களுக்கு எதற்குப் பந்தயம் என்று மூவருக்கும் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "எத்தனையாவது வந்தே?" என்று கேட்டார். டிபன் பாக்ஸை நீட்டினேன். அவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த டிபன் பாக்ஸில் அம்மா ஒருநாள்கூட எனக்குச் சோறு கட்டித் தந்ததில்லை.

அப்பா கேட்டதும் ஞாயிறு அன்று அந்தப் பெண் கேட்டதும் ஒரே கேள்விதான். இத்தனை வருடம் கழித்தும் அதே கேள்விக்கு அதே வாயடைப்போடு நான் ஒரு வளைவில் நிற்க நேர்ந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பழைய புண்ணைக் கிளறி அரசியல் செய்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புண் பழையதாக இருந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்று ஐரோப்பிய முதல்நிலை அணியில் ஓட்டும் பெண்ணுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று உண்டு, மகப்பேறு விடுப்பு உண்டு; 2020இலிருந்துதான் அதெல்லாம் வந்தது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல அது. ஓட்டி, நேரம் குறிக்கப்பட்டு, அந்த நேரத்தை யாராலும் மறுக்க முடியாமல் போனதால் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு மறுக்க முடியாத ஒரு நேரம் வேண்டும். அது கிடைத்த பிறகு மற்றதை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு அடிவாரம் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் இருப்பேன். பந்தயம் இல்லை, பரிசு இல்லை, மேடை இல்லை. இருபது வளைவும் ஏற விரும்பும் பெண்கள் வரலாம். கீழே நான் நேரம் குறிப்பேன், இருபதாவது வளைவில் என் தம்பி நிற்பான். இரண்டு போன்களிலும் நேரத்தைச் சரிபார்த்து வைத்துவிட்டோம். அந்தப் பெண் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்குக் கைப்பிடி டேப் ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை மாலை வந்தால் நானே சுற்றித் தருகிறேன்.