யாரைக் கேட்டு அப்பாவுக்கு பி.எஸ்.ஏ. எடுத்தீங்க?

வயிறு எரியுது. அப்பாவுக்கு 78 வயசு. சக்கரைக்கும் பிரஷருக்கும் வழக்கமா எடுக்குற ரத்தத்தோட சேத்து பி.எஸ்.ஏ.வுக்கும் கிளினிக்குல எழுதி அனுப்பிட்டாங்க. அது ஆம்பளைங்களோட புரோஸ்டேட் சுரப்பியில கேன்சர் இருக்கலாமான்னு பாக்குற ரத்த டெஸ்ட். யூரின் போறதுல அவருக்கு ஒரு கஷ்டமும் இல்ல, குடும்பத்துல யாருக்கும் புரோஸ்டேட் கேன்சர் வந்ததில்ல, அவரும் கேக்கல, எங்களையும் யாரும் கேக்கல. ஏன்னு கேட்டா "வயசாயிருச்சுல்ல, எதுக்கும் பாத்துரலாம்னுதான்"ங்கறாங்க.

எதுக்கும்னா எதுக்கு?

நம்பர் கொஞ்சம் கூட வந்துச்சு, அவ்ளோதான். வயசானா புரோஸ்டேட் பெருசாகும், பி.எஸ்.ஏ.வும் ஏறும், யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும் ஏறும். ஆனா உடனே ஸ்பெஷலிஸ்ட், எம்.ஆர்.ஐ. ஸ்கேன், ஊசி போட்டு சதைய எடுத்துப் பாக்குற பயாப்சின்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணு. தினம் காலையில தேக்கா மார்க்கெட்டுல மீன் வாங்கிட்டு கூட்டாளிங்களோட டீ குடிச்சிட்டு வர்ற மனுஷன், சோத்த அளைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு, உயில் எழுதிரலாமான்னு அம்மாகிட்ட கேட்டிருக்காரு. பயாப்சி எடுத்த மூணாம் நாள் குளிர் காய்ச்சல், இன்ஃபெக்‌ஷன் ரத்தத்துல கலந்துருச்சுன்னு ஆறு நாள் வார்டுல. கடைசில கேன்சர் இல்லையாம், வயசுக்கு வர்ற வீக்கமாம்.

"நல்ல செய்திதானே"ன்னு சொந்தக்காரங்க சொல்றப்ப கோவம்தான் வருது. அவரு நல்லாத்தானே இருந்தாரு!

நம்ம சிங்கப்பூர் அரசாங்கம் எல்லாரையும் எடுக்கச் சொல்ற கேன்சர் டெஸ்ட் மூணுக்குத்தான்: மார்பகம், கருப்பை வாய், பெருங்குடல். புரோஸ்டேட் அதுல கிடையாது. 70 வயசுக்கு மேல பி.எஸ்.ஏ. ஸ்கிரீனிங் வேணாம்னு அமெரிக்க நிபுணர் குழுவே 2018ல சொல்லியாச்சு, ஏன்னா அந்த வயசுல கண்டுபிடிக்கிறதுல நிறைய மெதுவா வளர்றது, அதால சாகவே மாட்டாங்க, ஆனா சிகிச்சையால யூரின் அடக்க முடியாம கஷ்டப்படுவாங்க. தென்கொரியாவுல கழுத்துக்கு ஸ்கேன் எடுத்து எடுத்து, 1993ல இருந்தத விட 2011ல தைராய்டு கேன்சர் 15 மடங்கு ஆச்சு, அதுல சாகறவங்க எண்ணிக்கை மாறவே இல்ல. அத்தன பேர் கழுத்த அறுத்தது யாருக்குப் பிரயோஜனம்?

இன்னொரு பக்கம் எங்க சித்திக்கு 56 வயசு, பெருங்குடல் கேன்சருக்கு மலம் டெஸ்ட் இதுவரைக்கும் பண்ணதில்ல, மார்பகத்துக்கு எடுக்குற எக்ஸ்ரே, மேமோகிராமும் எடுத்ததில்ல. அரசாங்கத்தோட ஹெல்தியர் எஸ்.ஜி. சுகாதாரத் திட்டத்துல சேந்தா அவங்களுக்கு ரெண்டுமே இலவசம். அவங்கள உக்கார வச்சுப் பேசத்தானே நேரம் செலவழிக்கணும்?

ஆறு மாசத்துல மறுபடி பி.எஸ்.ஏ. எடுக்கணும்னு அப்பாவுக்கு அப்பாயின்மெண்ட் வந்திருக்கு. இந்த தடவ நானும் கூடப் போறேன். எதுக்குன்னு டாக்டர் வாயத் திறந்து சொன்னப்புறம்தான் அவரக் கைய நீட்ட விடுவேன்.