பக்கத்து நாற்காலி

நான் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் 34 வருஷம் கட்டடங்களுக்கு எவ்வளவு கம்பி, எவ்வளவு கான்கிரீட் என்று கணக்குப் போடும் ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்துதான் பிழைப்பு ஓடியது. போன வருஷம் ஒரு கல்லூரியில் அனுபவம், இளமை என்றெல்லாம் பேனரில் போட்டு ஒரு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் என்னைப் போல ஏழு பெரிசுகள், கீழே அரங்கம் நிறையப் பிள்ளைகள். எனக்கு முன்னால் பேசியவர் பத்து நிமிஷம் என்று ஆரம்பித்து நாற்பதில் முடித்தார். நான் மட்டும் என்ன யோக்கியம், இருபத்தைந்து எடுத்துக்கொண்டேன். கடைசி நாலு வரிசையிலும் குனிந்த முகங்களில் நீல வெளிச்சம். கைதட்டல் மட்டும் பலமாக இருந்தது, முடிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில்.

அன்று யாரும் யாரிடமும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் மேல் தப்பில்லை, நாற்காலி போட்ட விதத்தில்தான் தப்பு.

அந்த விழா முடிந்து வெளியே வரும்போது மூன்றாம் வருஷம் சிவில் படிக்கிற ஒரு பெண் வந்து, "சார், ஒரு ப்ராஜெக்ட் இருக்கு, பார்க்க முடியுமா?" என்று கேட்டாள். அடுத்த வியாழக்கிழமை லேபில் அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இன்றுவரை வியாழக்கிழமைகள் அப்படித்தான் போகின்றன.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். 230 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கான்கிரீட் பீம், அதாவது உத்தரம். சாஃப்ட்வேர் கேட்ட கம்பிக்கு அவள் 20 மி.மீ. கம்பி ஆறு, ஒரே வரிசையில் வரைந்திருந்தாள். கணக்குப்படி பரப்பளவு சரி, திரையில் எல்லாம் பச்சை. "இதுக்குள்ள ஜல்லி எப்படிம்மா இறங்கும்?" என்றேன். புரியாமல் பார்த்தாள். பேப்பரை இழுத்து எழுதினோம். இரண்டு பக்கமும் கம்பியை மூடும் கான்கிரீட் (கவர்) 25, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம் (ஸ்டிரப்) 8. மிச்சம் 164. அதில் கம்பிகளே 120 எடுத்துக்கொள்ளும். பாக்கி 44 மில்லிமீட்டரை ஐந்து சந்துகளுக்குப் பங்கு போட்டால் ஒரு சந்துக்கு 9 மில்லிமீட்டர்கூட இல்லை. போடப்போவது 20 மி.மீ. ஜல்லி. அது மேலேயே நின்றுகொள்ளும், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஊசியும் நுழையாது, ஷட்டரிங் பலகையைப் பிரித்தால் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. இருபத்தாறு வயதில் ஒரு மேஸ்திரி கம்பிக் கூட்டுக்கு மேல் ஒரு ஜல்லியை வைத்து, "நீங்களே இறக்கிக் காட்டுங்க சார்" என்றார். அந்த அவமானம் இன்னும் மறக்கவில்லை.

சரி, இதோடு கதை முடிந்தால் இது வழக்கமான 'பெரியவங்க சொன்னா பெருமாள் சொன்ன மாதிரி' பதிவாகிவிடும். நான் கெத்தாக, "மூணு மூணா ரெண்டு அடுக்கு போடு, தீர்ந்தது" என்றேன். அவள் பேசாமல் திருத்தி மறுபடி ஓட்டினாள். பீம் சிவப்பாகிவிட்டது. இரண்டாவது அடுக்கு வந்ததும் கம்பிகளின் மையம் சுமார் 2 செ.மீ. உள்ளே தள்ளிப்போய், பீமின் மேல்விளிம்பிலிருந்து கம்பி வரையுள்ள பயன்படும் ஆழம் குறைகிறது. போட்ட கம்பி பத்தவில்லை. "சார், பீம் ஆழத்தை 50 கூட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே நாலு விதமாகப் போட்டுக் காட்டிவிட்டாள். எங்கள் காலத்தில் ஒரு மாற்றத்தைச் சரிபார்க்க அரை நாள் ஆகும். அதனாலேயே பல இடங்களில் அனுபவத்தை நம்பி 'போடு, தாங்கும்' என்று தாண்டியிருக்கிறோம். எத்தனை இடத்தில் என்று யோசித்தால் இப்போது தூக்கம் கெடும்.

உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அறிவை இரண்டாகப் பிரித்தார். புதுப் புதிரைச் சட்டென்று அவிழ்க்கிற அறிவு ஒன்று, வருஷக்கணக்கில் சேர்ந்து படிகிற அறிவு இன்னொன்று. முதலாவது இளமையிலேயே உச்சத்தைத் தொட்டு மெல்ல இறங்கும், இரண்டாவது முதுமையிலும் வெகுநாள் நிற்கும். அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது இரண்டும் ஒரே பீம் மேல் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தேன்.

இன்னொரு உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதியது வேறு விஷயத்துக்கு, இன வெறுப்பு எப்போது குறையும் என்பதற்கு. இரண்டு கூட்டத்தைச் சும்மா ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் போதாது என்றார். சம அந்தஸ்து வேண்டும், பொதுவான ஒரு குறிக்கோள் வேண்டும், போட்டியில்லாமல் சேர்ந்து உழைக்க வேண்டும், நிர்வாகம் பின்னால் நிற்க வேண்டும். எங்கள் விழாவில் இந்த நாலில் கடைசி ஒன்றுதான் இருந்தது. அதுவும் பேனர் செலவோடு சரி.

இதே கண்ணோடு மற்ற ஏற்பாடுகளையும் பாருங்கள். நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் ஹியூமானிடாஸ் என்ற முதியோர் இல்லத்தில் கல்லூரி மாணவர்கள் வாடகை இல்லாமல் தங்குகிறார்கள். பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் நல்ல அக்கம்பக்கத்தாராக இருந்தால் போதும். நர்ஸ் வேலை கிடையாது. எனக்கு இதில் பிடித்தது கருணையைவிட அந்தப் பண்டமாற்றுதான். பையனுக்கு அறை வேண்டும், பெரியவருக்குப் பேச்சுத் துணை வேண்டும். யாரும் யாருக்கும் தர்மம் செய்யவில்லை. அமெரிக்காவில் லாசெல் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிற முதியோர் குடியிருப்பில் சேர்ந்தால் வருஷத்துக்கு 450 மணி நேரம் கற்றலில் செலவிட வேண்டும் என்பது விதி. சிலருக்கு இது கெடுபிடியாகத் தோன்றலாம். எனக்கு மரியாதையாகத் தோன்றுகிறது. 'நீங்கள் இன்னும் மாணவர்தான், வேலை பாக்கியிருக்கிறது' என்று எழுபது வயதுக்காரரிடம் யார் சொல்கிறார்கள்?

1999இல் ஜெனரல் எலக்ட்ரிக் தலைவர் ஜாக் வெல்ச் தன் மூத்த அதிகாரிகளை இளையவர்களிடம் உட்கார்ந்து இணையம் பழகச் சொன்னார். அதிலிருந்து 'இளையவர் கற்றுத்தருவது' என்றாலே கம்ப்யூட்டர், போன் என்றாகிவிட்டது. பெரிசுக்கு வாட்ஸ்அப் சொல்லிக்கொடுத்தால் சமூக சேவைக் கணக்கில் ரெண்டு மணி நேரம் வரவு. இதில் எனக்குச் சங்கடம் உண்டு. பெரும்பாலான பிள்ளைகள், "கொடுங்க சார்" என்று போனை வாங்கி, டக் டக்கென்று நாலு தட்டு தட்டி, "ஆச்சு" என்று திருப்பித் தருவார்கள். வேலை முடிந்தது, நான் ஒன்றும் கற்கவில்லை. சாஃப்ட்வேர் சொல்லித்தந்தபோது அந்தப் பெண் தன் கையை மௌஸ் பக்கம் கொண்டுபோகவே இல்லை. நான் மூன்று தடவை தப்பான மெனுவைத் திறந்தபோதும் பொறுத்தாள். விரல் மட்டும் துடித்தது, பார்த்தேன்.

எங்கள் பக்கக் கோளாறையும் சொல்லிவிட வேண்டும். எதை எடுத்தாலும் 'எங்க காலத்துல' என்று ஆரம்பிக்கிற வியாதி. கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு வரி, அதற்கு முன்னுரை அரை மணி. தப்பை ஒத்துக்கொள்ள வாய் வராது. ஒருநாள் நான் அடித்துச் சொன்ன ஒரு விதி, கட்டட நெறிமுறை நூலின் புதிய பதிப்பில் மாறியிருந்தது. அவள் சொன்னதும் முதலில் வந்தது கோபம்தான். வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்து, ராத்திரி பதினொரு மணிக்கு 'நீ சொன்னது சரி' என்று மெசேஜ் அனுப்பினேன். அதற்கு முன்னால் நாலு தடவை டைப் அடித்து அழித்தேன்.

இப்போது எங்களுக்குள் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. தூணில் கம்பிமேல் கம்பி ஏறி நெரிசலாகிற இடத்தில் ஒன்றோடொன்று படியவைத்துக் கட்டுவதற்குப் பதிலாக கப்ளர் என்ற திருகுக் குழாய் போட்டு முறுக்கிவிடலாம் என்கிறாள். திருகு சரியாக ஏறியதா என்று சைட்டில் ஒவ்வொன்றாக யார் பார்ப்பது என்பது என் கேள்வி. சோதனை அறிக்கை அனுப்பியிருக்கிறாள், 42 பக்கம். கண்ணாடியை மாற்றிக்கொண்டு பதினெட்டாவது பக்கம் வரை வந்திருக்கிறேன். வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.