ஒரே ஒரு நாள் தாய்மாமன்

(உசிலம்பட்டி பக்கம் ஒரு வீடு. புள்ளைக்கு காதுகுத்து நெருங்கிருச்சு. முத்து போன்ல வந்த பிளெக்ஸ் டிசைன பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்துக்கிட்டு இருக்கான். செல்வி பூண்டு உரிக்கிறா.)

முத்து: ஏ செல்வி, இதுல நான் எங்க இருக்கேன்?

செல்வி: நல்லா பாருங்க. கீழ டிசைன் போட்டவரு போன் நம்பர் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல.

முத்து: அது நானா? நான் பந்தல்காரர்னு நெனச்சேன். புள்ளைய பெத்தவன் தபால்தலை சைசுல இருக்கேன், உங்கண்ணன் கூலிங் கிளாஸ மாட்டிக்கிட்டு, காதுல போன வச்சு கலெக்டர்ட்ட பேசுற மாதிரி ஆறடிக்கு நிக்கிறாரு, பின்னாடி ரெண்டு சிங்கம் வேற.

செல்வி: சிங்கம் அண்ணன் கேக்கல. கடைக்காரரே சும்மா போட்டு விட்டாராம்.

முத்து: எனக்கு ஒரு ஆசை புள்ள. காதுகுத்து அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நான் உங்கண்ணனா மாறிறணும். ஊர் எல்லையில வேன விட்டு எறங்குனா கொட்டு, வெடி, பொம்பளைக எல்லாம் சீர்த்தட்டோட பின்னாடி வர நான் முன்னாடி கைய கூப்பிக்கிட்டு நடந்து வரணும், கழுத்துல மால, கோயில் வாசல்ல நீ ஆரத்தி எடுத்து...

செல்வி: சரி, மாறிட்டீங்க. காலையில எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?

முத்து: எதுக்கு எந்திரிக்கணும், தாய்மாமன் வராம காது குத்துவாய்ங்களா? நான் மெதுவா எட்டு மணிக்கு...

செல்வி: மூணு மணிக்கு எந்திரிக்கணும். ரெண்டு வேன் ஆளு ஏத்தணும். பெரியப்பா முன்சீட்டு குடுத்தாத்தான் ஏறுவாரு, சித்தப்பாவும் அந்தச் சீட்டுதான் கேப்பாரு, ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த கெடையாது. கிடா குட்டியானை வண்டியில வரும், அதுக்கு தண்ணி காட்டணும். வழியில வடிவு அத்தை வாந்தி எடுக்கும், அதுக்கு ஒரு எலுமிச்சம்பழம் மறக்காம எடுக்கணும்.

முத்து: எலுமிச்சம்பழமெல்லாமா மாமன் பாக்கணும்?

செல்வி: போன தடவ மறந்து போச்சு, சீர்த்தட்டுல இருந்த பழத்த எடுத்து குடுத்து, தட்டு எண்ணிக்க கொறஞ்சு, ஒங்க அம்மா அத இன்னைய வரைக்கும் சொல்றாங்க.

முத்து: சரி அத விடு. பலகையில உக்காந்து மடியில புள்ளைய வச்சுக்கிட்டு இருக்கையில போட்டோகிராபர் எல்லாம் என்னையத்தான சுத்தி நிப்பாய்ங்க.

செல்வி: நிப்பாய்ங்க. மொட்டை அடிக்கையில தல முடி தண்ணியோட வழிஞ்சு புது பட்டுவேட்டியில விழும். அப்பறம் காது. மொத காத குத்துற வரைக்கும் அதுக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டாவது காதுக்குத்தான் இருக்கு வேடிக்க, ஒரு கையால மண்டைய புடிக்கணும், ஒரு கையால ரெண்டு கையையும் புடிக்கணும், அது காலால ஒங்க மூக்குல எத்தும், மூத்தவனுக்கு குத்துறப்ப அவன் அண்ணனோட கட்டவெரல கடிச்சு வச்சுட்டான்ல, தழும்ப போய் பாருங்க. வீடியோக்காரரு "சார் சிரிங்க சார்"னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவன் மடியில உச்சாவும் போயிட்டான், அண்ணன் மதியம் வரைக்கும் அப்பிடியே நின்னுச்சு.

முத்து: ஒரு வேட்டிதான. மரியாத இருக்குல்ல.

செல்வி: மரியாதைக்கு பில்லு வருமே. தோடு ஒரு பவுன், 8 கிராம். அதுக்கு செய்கூலி, சேதாரம், அதுக்கு மேல 3 சதவீதம் ஜிஎஸ்டி. கிடா, கொட்டு, வெடி, ரெண்டு வேன், எனக்கு பட்டு, ஒங்களுக்கு பட்டுவேட்டி. இம்புட்டும் செஞ்சுட்டு மொய்யும் எழுதணும். கம்ப்யூட்டர் மொய்க்காரரு மைக்குல ஊரு பேரு, பட்டப்பேரு எல்லாம் சேத்து தொகைய சொல்லுவாரு, சொல்லி முடிச்சதும் ஒரு அஞ்சு செகண்ட் எல்லாரும் சோத்த பெசையிறத நிப்பாட்டி "இவ்வளவுதானா"ன்னு பாப்பாய்ங்க பாருங்க. அந்த அஞ்சு செகண்டுக்கு நீங்கதான் தாய்மாமன். ரசீது வேற கையில குடுத்துருவாங்க.

முத்து: மொய் திரும்பி வரும்ல?

செல்வி: எப்ப? அண்ணன் மகளுக்கு நாம திருப்பி செய்யும்போது. செய்வீங்களா?

முத்து: அப்ப பாத்துக்கலாம்.

செல்வி: அப்பறம் பந்தி. மாமன் வகையறாவ மொத பந்தியில உக்கார வைக்கணும், அதுல ஒரு ஆளுக்கு எலும்பே வரலம்பாரு, ஒரு ஆளுக்கு எலும்பு மட்டுந்தான் வந்துச்சும்பாரு. பெரியப்பாவுக்கு ஈரல் வைக்கலன்னு எலைய மூடிட்டு எந்திரிச்சுருவாரு, அவர சமாதானம் பண்ணி கூட்டிட்டு வந்தா ரசந்தான் இருக்கும். நீங்க சாப்புட மணி நாலாகும்.

முத்து: நாலா?

செல்வி: சும்மா கேக்குறேன், நீங்களே ஒரு தடவ தாய்மாமனா இருந்தவருதான? ஒங்க தங்கச்சி மகளுக்கு.

முத்து: அது... சின்னதா செஞ்ச விசேஷம்.

செல்வி: 21 தட்டு. அதுல பாதி ஒங்க தங்கச்சி வீட்டு கொல்லப்பக்கமா வாங்கிட்டு வந்து வாசப்பக்கமா திரும்ப கொண்டு போனது. ஒரு தட்டுல ஒத்த அன்னாசிப்பழம். ஒரு தட்டுல சீப்பு, கண்ணாடி, பாதி தீந்த பவுடர் டப்பா.

முத்து: பவுடர் என் தங்கச்சிதான் குடுத்துச்சு. சரி, இம்புட்டு செலவ பண்ணிக்கிட்டு உங்கண்ணன் ஏன் சிரிச்சுக்கிட்டே செய்றாரு, அவ்வளவு பாசமா?

செல்வி: பாசம் இருக்கு. இல்லன்னு சொல்லல. தோப்பும் இருக்கு.

முத்து: எந்தத் தோப்பு?

செல்வி: எங்க தாத்தா காலத்து தென்னந்தோப்புதான். குழுக் கூட்டத்துல ஒரு வக்கீலம்மா வந்து சொன்னாங்க, தமிழ்நாட்டுல 1989லயே பொம்பளப்புள்ளைக்கும் பூர்வீக சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்துருச்சாம், 2005ல நாடு முழுக்க வந்துருச்சாம். அண்ணன் போன மாசம், என் பங்கு எனக்கு வேணாம்னு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி கொண்டாந்துச்சு, "சும்மா ஒரு கையெழுத்து தாயி, பட்டா மாத்தணும்"னு. கூடவே சீர் லிஸ்டும் கொண்டாந்துச்சு.

முத்து: நீ போட்டியா?

செல்வி: பேனா எழுதலன்னுட்டேன்.

முத்து: இரு இரு இரு. தோப்பு ரெண்டு ஏக்கர். ஏக்கருக்கு 70 மரம். உன் பங்கு ஒரு ஏக்கர். 45 நாளைக்கு ஒரு வெட்டு, வருசத்துக்கு எட்டு. மரத்துக்கு பத்து காய்னாலும் வெட்டுக்கு எழுநூறு... வருசத்துக்கு 5600 காய். இதுக்கு ஒரு பவுன் தோடும் ரெண்டு சிங்கமுமா?

செல்வி: மெதுவா பேசுங்க, அண்ணன் போன்ல வருது.

முத்து: குடு, நான் பேசுறேன். மச்சான், வணக்கம் மச்சான்! பாத்தேன் பாத்தேன், பிளெக்ஸ் பிரமாதம்... இல்ல இல்ல, என் போட்டோ அவ்வளவு பெருசெல்லாம் எதுக்கு, போதும்... தட்டா? நூத்தியொண்ணெல்லாம் வேணாம் மச்சான், ஒங்களுக்கு எதுக்கு சிரமம், ஒரு பத்து தேங்கா மட்டும் கொண்டாங்க, நம்ம தோப்புக் காயா இருந்தா சந்தோசம்... ஆமா, நம்ம தோப்புதான்... நம்ம-ன்னா நம்ம எல்லாருதும்தான்... அடுத்த வெட்டு என்னைக்கு மச்சான்? ஹலோ? மச்சான்?

செல்வி: என்னாச்சு?

முத்து: கேக்கலையாம். தோப்புக்குள்ள சிக்னல் இல்லையாம்.

செல்வி: அண்ணன் வீட்டுலருந்துல்ல பேசுச்சு.